குழவி முகத்துச் செம்மறு

(நம் சங்க மண்டபத்தில் நடைபெற்ற மாதர் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

அறிவிப்புப் பலகையில் எம் பெயரைக் கண்டவர் சிலம்பையோ கம்பனையோ எதிர்நோக்கி வந்திருத்தல் கூடும். யாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவற்றுள் ஒன்றன்று. பச்சிளங்குழவியின் முகத்தில் தோன்றி வளர்கின்ற செந்நிற மறுவைப் பற்றியும், அதற்கு இக்காலத்து மருத்துவம் கண்டுள்ள வழியைப் பற்றியும் பேசப் புகுகின்றோம். இலக்கணம் கற்பிப்பார்க்கு இதில் என்ன உரிமை என்று வினவுவீராயின், இருபது ஆண்டுகளாக ஆறாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்து வருகின்றோம் என்பதே எம் விடை. அம்முகங்களுட் சிலவற்றில் யாம் கண்ட வடுக்கள், காலத்தில் செய்யவேண்டியதைச் செய்யாமையானும், செய்யத்தகாததைச் செய்தமையானும் வந்தவை. மருத்துவர் சிலரை வினவியும், அவர்தம் நூல்களைப் பயின்றும் தெளிந்தவற்றையே ஈண்டு உரைக்கின்றோம்.

முதற்கண் பெயரைப் பார்ப்போம். நம் வீடுகளில் உடம்பில் தோன்றும் நிறக்குறி எதனையும் 'மச்சம்' என்றோ 'மறு' என்றோ சொல்லி அமைந்துவிடுகின்றோம். கரியதும் மறு, நீலமும் மறு, சிவந்ததும் மறு. இச்சொல்லின் பொதுமையே பாதி இடர்க்குக் காரணம் என்க. யாம் கூறப்புகுந்தது மருத்துவர் ஹீமாஞ்சியோமா என வழங்குவது. இரத்தக்குழாய்களின் உட்சுவரிலுள்ள உயிரணுக்கள் அளவிறந்து பெருகுதலால் உண்டாகும் கட்டி அது. புற்றுநோயன்று, உடலின் பிற பாகங்களுக்குப் பரவுவதும் இல்லை. நூறு குழந்தைகளில் நால்வர் அல்லது ஐவருக்கு இது காணப்படும் என்பர். ஆண்மகவினும் பெண்மகவுக்கு மிகுதி. குறைமாதத்திற் பிறந்த குழவிக்கும், எடை குறைந்து பிறந்ததற்கும், இரட்டையருக்கும் இன்னும் மிகுதி. தோலின் மேற்பரப்பில் எழுவது பவளம்போற் சிவந்து சிறுசிறு மேடுகளாய் இருக்கும். ஆழத்தில் எழுவதோ சிவப்பாயிராது. தோல் நீலம் பாரித்து மெத்தென வீங்கித் தோன்றும். நம்மவரின் கருநிறத் தோலில் சிவப்பு அத்துணைப் பளிச்செனத் தெரியாமையின், 'கொசுக்கடி' என்றும், 'பிரசவத்திற் பட்ட காயம்' என்றும் தொடக்கத்தில் விட்டுவிடுவதுண்டு.

இதனோடு மயங்கத்தக்க பிறிதொன்றும் உளது. பிறக்கும்போதே தட்டையாய், கருஞ்சிவப்புப் படலமாய் முகத்தில் கிடப்பது அது; உடலோடு ஒப்ப வளரும், தானே மறையாது. சோவியத் நாட்டுத் தலைவராயிருந்த மிகாயில் கோர்பச்சேவின் நெற்றியில் உலகம் கண்ட குறி அவ்வகையினது. 1982-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து மல்லிகன், குளோவாக்கி என்னும் இருவர் இவ்விருவகையையும் உயிரணுக்களின் இயல்பு கொண்டு பிரித்துக் காட்டினர். அதற்குமுன் மேனாட்டு மருத்துவ நூல்களிலும் நம் 'மறு' என்னும் சொல்லிலுள்ள குழப்பமே மிகுந்திருந்தது.

நிற்க. இக்கட்டியின் வாழ்க்கை விந்தையானது. பிறந்த அன்று பெரும்பாலும் இராது. இருப்பினும் வெளிறிய திட்டாகவோ, நுண்ணிய செங்கீற்றாகவோ மட்டும் இருக்கும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் முகங்காட்டும். அதன்பின் வளர்ச்சி மிக விரைவு. ஐந்தரை வாரம் முதல் ஏழரை வாரம் வரை அவ்வேகம் உச்சத்தில் நிற்கும். மூன்றாந் திங்களளவில், தான் எய்தவேண்டிய பருமனில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எய்திவிடும். ஐந்தாந் திங்களில் வளர்ச்சி பெரும்பாலும் ஓய்ந்துபோம்; ஆழத்திலுள்ளவை இன்னும் சில திங்கள் வளர்தலுமுண்டு. ஓராண்டையொட்டி வெளிறத் தொடங்கி, மெல்லச் சுருங்கி, நான்காம் ஆண்டிற்குள் பெரும்பாலானவை தாம் அடங்கும் அளவு அடங்கிவிடும்.

முத்துச்சலாபம் நடந்த காலத்தை நம் முதியோர் சிலர் இன்னும் நினைவுகூர்வர். 1961-ஆம் ஆண்டோடு நம் கரையில் பெருஞ்சலாபங்கள் நின்றுபோயின. அந்நாளில் அரசாங்க அதிகாரிகள் பாரிற் சென்று, மாதிரிக்குச் சிப்பி எடுத்து அறுத்து, முத்தின் எடை பார்த்த பின்னரே சலாபம் இன்ன நாளென்று அறிவிப்பர். முந்தி எடுத்தால் முத்துச் சிறுக்கும். பிந்தினால் சிப்பி செத்து முத்து கடலடி மணலோடு போம். ஏற்ற காலம் இடைப்பட்ட சிறுபொழுதே. குழவியின் செம்மறுவுக்கும் அத்தகையதொரு சிறுபொழுது உண்டு. அது பிறந்த நான்காம் வாரத்திற்கும் மூன்றாம் மாதத்திற்கும் இடைப்பட்டது. இடர் விளைக்கக்கூடிய கட்டியைக் குழந்தைக்கு ஒரு மாதம் நிறைவதற்குள் மருத்துவர் பார்த்துவிடுதல் நன்று என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையின் கருத்து.

இங்கேதான் நம் வழக்கங்கள் குறுக்கிடுகின்றன. பிரசவத்திற்குத் தாய்வீடு சென்ற பெண், பதினாறும் நாற்பதும் கழியுமுன் குழந்தையை வாசற்படி தாண்டிக் கொண்டுவருதல் ஆகாதென்பர் பாட்டிமார். கண்ணேறு, காற்று, கருப்பு என்று காரணம் பல சொல்வர். பச்சை உடம்பையும் பிள்ளையையும் கூட்டத்தினின்று காப்பதற்கு ஏற்பட்ட அவ்வழக்கத்தில் நன்மையும் உண்டு. அதனை யாம் இகழ்கின்றோம் அல்லோம். ஆயினும் அந்த நாற்பது நாளும், கட்டி வேகங்கொள்ளும் நாளும் ஒன்றாயிருத்தலைக் கருதுமின். போதாக்குறைக்குத் தகப்பன் தோணியேறி மாலத்தீவு போயிருப்பான். அல்லது உப்பளத்தில் வேலைமிகுந்த கோடைக்காலமாயிருக்கும், ஒருநாட் கூலி போனால் வீட்டில் அடுப்பெரியாது. "அவர் வரட்டும், கேட்டுக்கொண்டு போவோம்" என்று தாய் இருப்பாள். அவன் கரையேறுவதற்குள் பயற்றளவு இருந்தது நெல்லிக்காயளவு ஆகியிருக்கும்.

இதற்கு எளிய வழியொன்று உளது. ஆறாம் வாரத்திலும், பத்தாம் வாரத்திலும், பதினான்காம் வாரத்திலும் தடுப்பூசிக்காக எப்படியும் குழந்தையை வெளியே கொண்டுபோகின்றோம். முகத்தில் சிவந்த புள்ளி கண்டவர், ஆறாம் வாரத்து ஊசியன்று அதனைச் செவிலியர்க்கும் மருத்துவர்க்கும் காட்டியே திரும்புதல் வேண்டும். அதற்கு முன்னரே வீடுதேடி வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டலாமாயின் இன்னும் நன்று. கைப்பேசி இல்லாத வீடு இன்று அரிது. வாரம் ஒருமுறை, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு நாணயத்தை அளவுக்காகப் பிடித்துப் படமெடுத்து வைப்பீராக. 'வளர்கின்றதா' என்னும் வினாவுக்கு நூறு வாய்ச்சொல்லினும் நான்கு படங்கள் நல்ல சான்றாகும். தோணியிலுள்ள தகப்பனுக்கும் அனுப்பலாம்.

இனித் தாயின்மேற் பழி சுமத்துதலைப் பற்றி ஒரு சொல். கிரகணத்தன்று வெளியே வந்தாள், வயிற்றைச் சொறிந்தாள், வேண்டியதை உண்ணாமல் ஏங்கினாள், ஆதலின் பிள்ளை முகத்தில் குறி விழுந்தது என மாமியார் கூறக் கேட்டிருக்கின்றோம். பெற்றவளே அதனை நம்பி அழவும் கண்டிருக்கின்றோம். கதிரவனை நிலவு மறைத்தலால் குழவியின் கன்னத்தில் இரத்தக்குழாய் பெருகுதல் இல்லை. இக்கட்டியின் உயிரணுக்களிலும், கருவுக்கு உணவூட்டும் நச்சுக்கொடியின் இரத்தக்குழாய்களிலும் ஒரே வகைப் புரதக்குறி காணப்படுவதை 2000-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் கண்டனர். கருவிலிருக்கும்போது உயிர்வளி குறைவுபடுதல் ஒரு காரணமாகலாம் என்று கருதுவோரும் உளர். காரணம் எதுவாயினும் தாய் உண்டதும் உடுத்ததும் நடந்ததும் இதற்கு ஏதுவல்ல. நம் புலவர்களையும் ஈண்டு ஒரு சிறிது நொந்துகொள்ளத் தோன்றுகின்றது. மறுவுடைய திங்களைப் பழித்து, மறுவற்ற முகத்தைப் பாடிப்பாடிப் பெண்ணின் முகத்தில் ஒரு புள்ளியும் இருத்தலாகாதென்னும் எண்ணத்தை ஊட்டிவிட்டனர். பெண்பிள்ளையாயின் தொட்டிலில் கிடக்கும்போதே திருமணக் கவலை பேசப்படுகின்றது. பேசுவோர், அக்குழந்தை மூச்சு எளிதாய் விடுகின்றதா, பால் வலியின்றிக் குடிக்கின்றதா என்று பார்ப்பதில்லை.

ஏனெனின், இக்கட்டிகளிற் பெரும்பாலானவை தீங்கற்றவை. முதுகிலோ தொடையிலோ உள்ள சிறியதொன்றைப் பார்த்துக்கொண்டிருத்தலே போதும். முகத்திலுள்ளவையோ இடத்தைப் பொறுத்துத் தீங்கு செய்யும். கண்ணிமையில் எழுவது அவற்றுள் முதலில் அஞ்சத்தக்கது. குழந்தையின் பார்வை, பிறந்தபின் ஒளியைக் கண்டு கண்டே வளர்வது. இமை தொங்கி விழியை மறைத்தாலும், கட்டி விழியை அழுத்தி அதன் உருண்டையைக் கோணச்செய்தாலும், மூளை அக்கண்ணைப் புறக்கணிக்கத் தொடங்கும். பின்னர்க் கட்டி முற்றும் மறைந்தாலும் பார்வை திரும்பாமற் போகலாம். இதனையே சோம்பற்கண் என்பர். மூக்கு நுனியில் வருவது உள்ளிருக்கும் குருத்தெலும்பை விலக்கி மூக்கின் வடிவத்தையே மாற்றிவிடும். உதட்டில் வருவது எளிதிற் புண்ணாகும். புண்ணானால் வலி பொறுக்கலாற்றாது குழவி முலையை வாயில் வைத்தவுடன் வீரிட்டழும். 'பால் பிடிக்கவில்லை' எனப் பிறர் புட்டியைத் தேடுவர்.

தாடி வளரும் இடமாகிய தாடை, கீழுதடு, மோவாய், கழுத்தின் முன்புறம் ஆகிய இவற்றில் பரவியிருக்குமாயின் மிக விழிப்பாயிருத்தல் வேண்டும். வெளியே தோன்றும் கட்டியோடு குரல்வளைக்குக் கீழும் ஒன்று மறைந்து வளர்தல் உண்டு. ஓரிரு மாதத்தில் குழந்தை மூச்சு உள்ளிழுக்கும்போது கரகரவென்றோ, விசிலடிப்பது போன்றோ ஓசை எழும். அதனைச் சளியென்றும் மாந்தமென்றும் கருதி உரைமருந்து புகட்டிக்கொண்டிருத்தல் உயிர்க்கே கேடு. அன்றே மருத்துவமனை சேர்க்க. இன்னொன்று: முகத்தின் ஒரு பக்கத்தைப் பெரும்பகுதி கவர்ந்து படர்ந்த கட்டியோடு, மூளை, அதன் இரத்தக்குழாய், இதயம், கண் ஆகியவற்றிற் குறைபாடு சேர்ந்திருத்தலை 1996-ஆம் ஆண்டு முதல் மருத்துவர் தனிநோயாக வகுத்துள்ளனர். ஆதலின் அத்தகைய குழந்தைக்கு மருந்து தொடங்குமுன் இவ்வுறுப்புகளைச் சோதித்தல் இன்றியமையாதது. உடம்பெங்கும் ஐந்துக்கு மேற்பட்ட செம்மறு இருப்பின் ஈரலிலும் இருக்கக்கூடுமாதலால், வயிற்றை ஒலியலைக் கருவிகொண்டு பார்ப்பர்.

பண்டை மருத்துவம் யாது? நம் பக்கத்தில் சுண்ணாம்பு தடவினர், எருக்கம்பால் வைத்தனர், ஊசியைக் காய்ச்சிச் சூடுபோட்டனர். எம் வகுப்பில் ஒரு மாணவி பயின்றாள். எப்பொழுதும் சுவரோரமாய், இடக்கன்னம் பிறர்க்குத் தெரியாதவாறு அமர்வாள். அக்கன்னத்தில் இருந்தது செம்மறுவன்று. அது எப்போதோ மறைந்துவிட்டது. மறைந்தும் மறையாதிருந்தது சூட்டின் தழும்பு. அச்சூட்டை இட்டவர் பகைவரல்லர், பேரன்புடைய பாட்டியாரே. நம்மவரை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. மேனாட்டாரும் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இக்குழந்தைகளுக்கு ரேடியமும் எக்ஸ் கதிரும் பாய்ச்சினர். சுவீடன் நாட்டில் அவ்வாறு கதிர்பட்ட பல்லாயிரங் குழந்தைகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, சிலவகைப் புற்றுநோய் அவர்க்கு மிகுந்திருக்கக் கண்டனர். 1938-ஆம் ஆண்டில் லிஸ்டர் என்னும் ஆங்கில மருத்துவர், ஒன்றுஞ் செய்யாது விட்ட கட்டிகள் தாமே அடங்குதலைப் பொறுமையாகக் குறித்து வெளியிட்டார். அதன்பின் 'தொடாமல் விடுக' என்பதே பலர் கொள்கையாயிற்று. 1960-களில் ஸ்டீராய்டு மருந்து வந்தது. வளர்ச்சியைத் தடுத்தது உண்மை. ஆயினும் குழந்தையின் முகம் ஊதுதலும், இரத்த அழுத்தம் ஏறுதலும், உயரம் வளராமையும், தொற்றுநோய் எளிதிற் பற்றுதலும் அதனோடு வந்தன.

இப்பொழுது வழங்கும் மருந்து கிடைத்த வரலாறு சுவையுடையது. பிரான்சு நாட்டுப் போர்தோ நகர மருத்துவமனையில் மூக்கிற் கட்டியுடைய குழந்தையொன்றுக்கு ஸ்டீராய்டு கொடுத்து வந்தனர். அதனால் இதயத்தசை தடித்து இரத்தவோட்டம் தடைப்படவே, இதயத்தின்பொருட்டு ப்ராப்ரனலால் என்னும் மருந்தைத் தந்தனர். மறுநாட் பார்த்தபோது செக்கச்சிவந்திருந்த கட்டி ஊதாநிறமாகி இளகியிருந்தது! கட்டியை நினைத்துக் கொடுத்த மருந்தன்று அது. கிறிஸ்தீன் லெயோதே-லப்ரெஸ் என்னும் பெண் மருத்துவரும் அவர் குழுவினரும் இதனைத் தற்செயலென்று விடாது வேறு குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்து, பதினொரு குழந்தைகளின் செய்தியை 2008-ஆம் ஆண்டில் ஒரு சிறு கடிதமாக மருத்துவ இதழுக்கு எழுதினர். ப்ராப்ரனலாலை முதலில் ஆக்கிய ஜேம்ஸ் பிளாக், நெஞ்சுவலிக்காரரை எண்ணி 1960-களில் அதனை ஆக்கினார். 1988-இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் இளமையில், 1947 முதல் 1950 வரை, சிங்கப்பூரில் மருத்துவ மாணவர்க்கு விரிவுரை ஆற்றியவர் என்பதையும், அங்குச் சுற்றத்தார் உடையோர் இவ்வவையிற் பலர் இருத்தலின் சொல்லிவைக்கின்றோம்.

கடிதத்தோடு நில்லாமல், 460 குழந்தைகளைக் கொண்டு முறையான சோதனையும் நடத்தி, 2015-இல் முடிவை வெளியிட்டனர். எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் வீதம் ஆறு திங்கள் மருந்துண்ட குழந்தைகளில் 60 விழுக்காட்டினர்க்குக் கட்டி முழுதுமோ, ஏறத்தாழ முழுதுமோ கரைந்தது; மருந்தில்லாத வெறுநீர்மம் உண்டவர்களில் 4 விழுக்காட்டினர்க்கே அவ்வாறாயிற்று. இன்று இடருடைய கட்டிக்கு உலகெங்கும் முதலில் எடுக்கப்படுவது இம்மருந்தே.

தாய்மார்களே! இனிச் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்பீராக. இஃது இதயத்தின் மருந்து. பெரியவர்க்குரிய மாத்திரை எந்த மருந்துக்கடையிலும் மலிவாகக் கிடைக்கும் என்பதனால், பக்கத்து வீட்டார் சொல்லக்கேட்டு நீங்களே பொடித்துப் புகட்டலாகாது. முதலில் இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு ஆகியவற்றை மருத்துவர் பார்ப்பர். குறைந்த அளவிற் கொடுத்து, முதல் இரண்டு மணிநேரம் துடிப்பையும் அழுத்தத்தையும் கவனித்துப் பின்னரே அளவை உயர்த்துவர். மிக இளங்குழவியாயினும், குறைமாதப் பிள்ளையாயினும் மருத்துவமனையிற் சேர்த்தே தொடங்குவர். மூச்சிரைப்பு உடைய குழந்தைக்கும், இதயத்தில் சிலவகைக் குறைபாடு உடையதற்கும் இது ஆகாது. எல்லாவற்றினும் முதன்மையாக நினைவிற் கொள்ளத்தக்கது யாதெனின், இம்மருந்து இரத்தத்தில் சர்க்கரையைக் குறைத்துவிடக்கூடும். ஆகையால் பால் கொடுக்கும்போதோ கொடுத்த உடனேயோதான் மருந்து கொடுக்கவேண்டும். வெறுவயிற்றிற் கொடுத்தலும், இரவில் நெடுநேரம் பாலின்றி உறங்கவிடுதலும் தவறு. குழந்தை வாந்தியெடுத்தாலும், வயிறு கழிந்தாலும், பால் மறுத்தாலும், இருமி இரைத்தாலும் அவ்வேளை மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரை வினவுக. சோர்ந்து, வியர்த்து, நடுங்கி, எழுப்பினும் எழாதிருந்தால் ஒரு கணமும் தாழ்த்தற்க. கைகால் சிறிது குளிர்தலும், உறக்கங் கலைந்து எழுதலும் பலர்க்கு உண்டாவன; அவற்றை மருத்துவர்க்குத் தெரிவித்தல் போதும்.

மருந்தைத் தொடங்குதல் ஒரு பாதி, முடிக்கும்வரை கொடுத்தல் மறுபாதி. இரண்டு திங்களில் நிறம் வெளிறியவுடன் 'சரியாயிற்று' என்று நிறுத்துவோர் உளர். வளரும் பருவம் கழியுமுன் நிறுத்தினால் அடங்கியது மீண்டும் எழும். குறைந்தது ஆறு திங்கள், பலர்க்கு ஓராண்டு நிறையும்வரை கொடுப்பர். குழந்தையின் எடை கூடக்கூட அளவையும் கூட்டவேண்டியிருத்தலின், திங்கள்தோறும் நிறுத்துக் காட்டுதல் வேண்டும். மெல்லியதாய், மேற்பரப்பில் மட்டும் உள்ள சிறுகட்டிக்கு டைமலால் என்னும் கண்சொட்டு மருந்தையே மேலே தடவச்செய்வதும் உண்டு. அதுவும் மருத்துவர் சொன்ன துளியளவுதான். கட்டி கீறி இரத்தம் கசிந்தால் அஞ்சவேண்டா. தூய துணியால் பத்து நிமிடம் விடாது அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நிற்கும்.

எங்குச் செல்வதென்பீர். நம் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2000-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அதன் மருத்துவமனையில் குழந்தை மருத்துவரை முதலிற் காணலாம். ஐம்பது கிலோமீட்டரில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965 முதல் உளது. இமையிற் கட்டியாயின் கண் மருத்துவரும் உடன் பார்த்தல் வேண்டும். மதுரையில் 1976-இல் வேங்கடசாமி அவர்கள் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை திருநெல்வேலியிலும் இருக்கின்றது. தகப்பன் ஊரில் இல்லாத வீட்டுக்குத் துணை செல்வதற்கும், பேருந்துச் செலவுக்கு முன்பணம் கொடுப்பதற்கும் நம் சங்கத்து இளைஞர் இருவரைக் குறிக்கவேண்டுமென்று செயலாளரை இவ்வவைமுன்பே கேட்டுக்கொள்கின்றோம். ஈமச்சடங்குக்கு நிதி வைத்திருக்கும் சங்கம் இதற்கும் ஒரு சிறு நிதி வைத்தல் தகும்.

எல்லார்க்கும் முகம் பழையபடி ஆகிவிடும் என்று யாம் உறுதி கூறோம். மருந்தின்றி விடப்பட்ட கட்டிகளிற் பாதிக்குமேல், அடங்கியபின்னும் தளர்ந்த தோலையோ, நுண்ணிய செங்கீற்றுகளையோ, கொழுப்புத் திரட்சியையோ எஞ்சவைக்கும். மருந்துண்டவற்றிலும் சிலவற்றில் எச்சம் உண்டு. செங்கீற்றை லேசர் ஒளியால் மங்கச்செய்வர். தளர்ந்த தோலை அறுவையால் திருத்துவர். குழந்தை தன் முகத்தின்மீது விழும் பிறர் பார்வையை உணரத் தொடங்குவது மூன்று நான்கு அகவையில். ஆதலின் பள்ளி சேருமுன் அத்திருத்தத்தைச் செய்துவிடல் நன்றென்பர்.

பள்ளிக்கு வந்தபின் நேர்வது எம் போன்றோர் பொறுப்பு. பிள்ளைகள் ஒருவர்க்கொருவர் பட்டப்பெயர் இடுவதில் வல்லவர். முதல் வாரத்தில் இட்ட பெயர் பத்தாண்டு ஒட்டிக்கொள்ளும். எம் பள்ளித் தொடக்கநிலை ஆசிரியர்களிடம், முகத்தில் குறியுடைய பிள்ளை வந்தால் முதல் நாளிலேயே அதன் பெயரைச் சொல்லி உரக்க அழைத்து, முன்வரிசையில், வெளிச்சமுள்ள பக்கத்தில் அமர்த்துமாறு சொல்லியிருக்கின்றோம். இவ்வாண்டு அவ்வாறு இருவர் அமர்ந்திருக்கின்றனர்.